கையெழுத்துக்கு என்ன விலை?



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான்: "சார், இங்கே பழைய பேஸ்பால் வீரர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையெல்லாம் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள். வெறும் காகிதத்துக்கு ஏன் சார் இவ்வளவு விலை?"

நல்ல கேள்வி. பேப் ரூத் என்ற வீரரை 1919 டிசம்பரில் பாஸ்டன் அணி நியூயார்க் அணிக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த ஒப்பந்தத் தாள் 2005இல் ஏலத்துக்கு வந்தபோது 9,96,000 டாலருக்குப் போனது. ஆளை விற்ற விலையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு! வெறும் கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போலியாகப் போடலாம். ஒப்பந்தத்தில் தேதி, தொகை, இரு தரப்பின் பெயர் எல்லாம் இருக்கிறது. காகிதம் தன் கதையைத் தானே சொல்கிறது.

நம் பக்கத்திலும் அப்படிப்பட்ட கதைகள் உண்டு. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்ததுதான் முதல் ரஞ்சி ஆட்டம். முதல் பந்தை வீசியவர் நம் எம்.ஜே.கோபாலன். ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அதைப் பார்த்தவர்கள் வைத்திருந்த காகிதம் ஏதாவது இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்கும் போயிருக்கலாம்.

எங்கள் குடும்பத்திலும் ஒன்று இருக்கிறது. 1975 ஜனவரியில், பொங்கல் சமயம், என் அண்ணன் சோளிங்கர் ஸ்டேஷனில் ரயிலேறி சேப்பாக்கம் போனார். வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190க்கு ஆல் அவுட். அதில் விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. அன்று மாலை டிக்கெட்டின் பின்பக்கம் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

அண்ணன் போன வருடம் காலமானார். பெரியவன் விற்கலாம் என்றான், சின்னவன் கூடாது என்றான். வாங்க வந்தவரோ, "இது அவர் கையெழுத்துதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார். பெட்டியைக் கிளறியதில் அண்ணனின் டைரி கிடைத்தது. தேதி, டிக்கெட் நம்பர், கடைசியில் ஒரு வரி: "மூணு ரன்னுக்குத் துணை நிற்க ஆள் இல்லாமல் போச்சு." வந்தவர் உடனே விலையை ஏற்றி, டைரியையும் சேர்த்துக் கேட்டார்.

அண்ணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "டிக்கெட்டை எடுத்துட்டுப் போங்க. டைரி அவர் எழுதினது, தர மாட்டேன்." டைரி இல்லாமல் டிக்கெட்டை அவர் வாங்கவில்லை. இரண்டும் வீட்டிலேயே இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள், மை வெளுத்துவிடும். முக்கியமாக, அது யாருடையது, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, கூடவே வையுங்கள். பிறகு கேட்க ஆள் இருக்காது.