கனசதுரம் ஏன் விரியவில்லை?



காசிமேட்டில் நம் பழைய மாணவர்கள் நடத்தும் மாலை வகுப்பைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா? "டீச்சர், ஜியோஜீப்ரா சரியாச்சா?" என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். ஆனது. எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஜியோஜீப்ரா ஒரு கணித மென்பொருள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-ல் தொடங்கியது. வணிகம் இல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். நம் கணக்குப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்று க்யூஆர் கோடு போட்ட பக்கம் வரும் பாருங்கள், அங்கே பெரும்பாலும் இதுதான்.

கனசதுரத்துக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 உச்சி. சாக்பீஸ் டப்பாவைப் பிரித்து மேசையில் பரப்பித்தான் நான் பாடம் நடத்தினேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டப்பாவைக் கிழித்தால் கிழித்ததுதான். ஜியோஜீப்ராவிலோ ஒரு புள்ளியை இழுத்தால் பெட்டி விரிகிறது, திரும்ப இழுத்தால் மூடிக்கொள்கிறது. பிள்ளைகள் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம்.

மாலை வகுப்பில் இருப்பவை 6 பழைய கணினிகள். எல்லாம் 32 பிட், லினக்ஸ். இணையம் கிடையாது. அதனால் ஜாவாவில் எழுதிய 5-ஆம் பதிப்பை, ஒரு விண்டோஸ் கணினியிலிருந்து பென்டிரைவில் எடுத்து வந்து போட்டார்கள். முக்கோணம் வந்தது, வட்டம் வந்தது, முப்பரிமாணம் மட்டும் திறக்கவில்லை. எட்டாவது படிக்கும் ஒரு பெண், அப்பா வலை பின்னுகிறவர், "எங்களுக்கு மட்டும் பாதிதான் வருமா டீச்சர்?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்றான். "ஜாவான்னா எங்கேயும் ஓடும்னு சொல்வாங்களேப்பா?" என்று கேட்டேன். 1995-ல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது சொன்னதே அதுதானே, ஒரு தடவை எழுது, எங்கும் ஓட்டு என்று.

அவன் துறைமுகத்துப் பிள்ளை, கன்டெய்னரை வைத்தே விளக்கினான். "பெட்டி ஒரே அளவு டீச்சர், எந்தக் கப்பலிலும் ஏறும், எண்ணூர் ரோட்டில் எந்த டிரெய்லரிலும் உட்காரும். ஆனா இறால் ஏத்துற குளிர்பெட்டி இருக்கே, அதுக்குப் போற இடத்திலெல்லாம் கரண்ட் பிளக் வேணும். பிளக் பொருந்தலைன்னா பெட்டி வந்து சேர்ந்தும் சரக்கு போச்சு."

ஜியோஜீப்ராவில் ஜாவா பகுதி அந்தப் பெட்டி. முப்பரிமாணம் வரைய ஜோகல் என்ற துணை நூலகம் வேண்டும். அது கணினியின் வரைகலைச் சில்லோடு நேரடியாகப் பேசுவதால் ஒவ்வொரு வகைக் கணினிக்கும் தனித்தனியாகச் செய்யப்பட்டது. விண்டோஸுக்கு டிஎல்எல், லினக்ஸுக்கு எஸ்ஓ, அதிலும் 32 பிட்டுக்கு ஒன்று, 64-க்கு ஒன்று. இவர்கள் கொண்டுவந்ததில் விண்டோஸ் பிளக் மட்டும்தான் இருந்தது.

'ஜேபேக்கேஜ்' என்று ஒரு கருவி இருக்கிறதாம். 2020-ல் ஜாவா 14-ல் சோதனையாக வந்து, 2021-ல் 16-ல் நிலையானது. ஜாவாவையும் சேர்த்தே மூட்டை கட்டிக் கொடுத்துவிடும். ஆனால் விண்டோஸ் மூட்டையை விண்டோஸில்தான் கட்ட வேண்டும், லினக்ஸ் மூட்டையை லினக்ஸில்தான். 32 பிட்டை இப்போது பெரிய நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன. புதுக் கணினி வாங்கிவிடலாமே என்றார் ஒருவர். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஓடுகிற இயந்திரத்தை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

இவன் பழைய ஜாவா 8-ஐயே வைத்துக்கொண்டு, நான்கு வகை நூலகங்களையும் நான்கு அடைவுகளில் போட்டான். தொடங்கும்போது கணினி என்ன வகை என்று பார்த்து, சரியான அடைவைக் காட்டும் சின்ன நிரல் ஒன்றையும் எழுதினான். நூலகங்களை ஜாருக்குள்ளேயே வைத்து, ஓடும்போது தற்காலிக அடைவில் பிரித்துக்கொள்ளவும் வழி உண்டாம். ஆனால் சில லினக்ஸ் கணினிகளில் அந்த அடைவிலிருந்து எதையும் இயக்க விடமாட்டார்கள் என்பதால் அது வேண்டாம் என்றான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கே வந்து, ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

இப்போது 5 கணினிகளில் கனசதுரம் விரிகிறது. ஆறாவதில் வரைகலைச் சில்லு ரொம்பப் பழசு, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றான். அதில் வட்டமும் கோணமும் போடுகிறார்கள்.

இந்தப் பென்டிரைவ் வேறு பள்ளிக்கோ டியூஷனுக்கோ வேண்டும் என்கிறவர்கள் கீழே எழுதுங்கள். லினக்ஸ் என்றால் முதலில் டெர்மினலில் 'யூநேம் -எம்' என்று ஆங்கிலத்தில் அடித்து, என்ன வருகிறது என்று சொல்லுங்கள். 'ஐ686' என்று வந்தால் 32 பிட், 'எக்ஸ்86_64' என்று வந்தால் 64. திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் என்றால் அவனே நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.