ஆயாவும் செயலியும்

காவாந்தண்டலத்தில் அன்றைய இரவுச் சாப்பாடு, உப்புப் போட்டு அவித்த பச்சைத் துவரங்காய். காஞ்சிபுரத்திலேயே இட்லி தின்றுவிட்டு வந்திருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் திண்ணையில் உட்கார்ந்தேன். சென்னையில் எனக்குத் துவரை என்றால் பாக்கெட்டில் வரும் மஞ்சள் பருப்பு. நாலு காய் உரித்ததும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. பச்சை விதைக்கு இத்தனை இனிப்பா!

டியூப்லைட் ஓரம் சுவரில் ஒரு பூச்சி. குச்சி உடம்பு, சிறகைச் சுருட்டி இருபுறமும் நீட்டி, ஆங்கில 'டி' எழுத்தைப் போல உட்கார்ந்திருந்தது. நண்பர் படம் பிடித்தார். கைப்பேசிச் செயலி, 'ஆர்ட்டிசோக் இறகுப்பூச்சி' என்றது. கலிஃபோர்னியாவில் ஆர்ட்டிசோக் மொட்டுகளையும் திசில் என்னும் முட்செடிகளையும் துளைப்பது அது. உத்திரமேரூர்ப் பக்கம் அமெரிக்கப் பூச்சியைக் கண்டுபிடித்த பெருமையில் நண்பருக்குத் தலைகால் புரியவில்லை.

"எந்தச் செடியாண்டருந்து வந்துச்சி?" என்றார் வீட்டு ஆயா.

நண்பர் வேலியோரப் பிரம்மதண்டைக் காட்டினார். முள் இருக்கிறதே!

"அத்த ஆடுகூட மோந்து பாக்காதுப்பா."

பிரம்மதண்டு கசகசாவின் குடும்பம். திசிலும் ஆர்ட்டிசோக்கும் சூரியகாந்தியின் குடும்பம். அதைச் சொன்னேன், நண்பர் முறைத்தார், குரல் உயர்ந்தது. ஆயா பேசவில்லை. முறத்தில் அவிக்காமல் கிடந்த காய்களைக் கிளறி ஒன்றை எடுத்து நீட்டினார். காயில் ஓட்டை. அதன் மேல், ஓரமெல்லாம் மயிர் முளைத்த பச்சைப் பழுப்புப் புழு. தலை மட்டும் உள்ளே, உடம்பு வெளியே. "இதான் அப்புறம் றெக்க கட்டிக்கினு வெளக்காண்ட வருது."

துவரை இறகுப்பூச்சியின் புழு அப்படித்தான் தின்னும். பெரும்பாலும் காயின் மேலேயே கூட்டுப்புழுவும் ஆகும். விஞ்ஞானப் பெயர் எக்ஸெலாஸ்டிஸ் அடோமோசா. முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்திருப்பது இறகுப்பூச்சிக் குடும்பத்தில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொது. அதனால் படத்தை மட்டும் வைத்து இனம் பிரிப்பது கடினம். பலவற்றை இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்தே உறுதிசெய்கிறார்கள். 1909-இல் இலங்கை இறகுப்பூச்சிகளைப் பற்றியும், 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றியும் எழுதிய பூச்சியியலாளர் பெயின்பிரிக் ஃபிளெட்சரும் சிறகோடு நிற்கவில்லை. புழு எந்தச் செடியைத் தின்கிறது என்றும் குறித்துவைத்தார். ஆயா முதலில் கேட்டதும் அதைத்தான்.

நண்பர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. என் தீர்ப்பு ஆயாவுக்கே. சுவரில் இறகுப்பூச்சியைப் பார்த்தால் உடனே கைப்பேசியை நீட்டாதீர்கள். வெளியே போய், பக்கத்தில் என்ன விளைந்திருக்கிறது என்று பாருங்கள்.