ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க

நைட் டூட்டி முடிஞ்சு வந்த காலையில் இந்த வேலையைத் தொட்டிருக்கக் கூடாது. தொட்டுட்டேன்.

2011ல நான் எம்பிபிஎஸ் சேர்ந்தப்போ அப்பா வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப். ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சு முடிச்சாலும் விண்டோஸ் வந்திருக்காது. ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் இன்னும் சில வருஷம் ஓடும். பழைய போர்டு என்பதால் முழு வேகம் கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் நல்லாவே தெரியும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பிளக்கைக் கழட்டிட்டு அகலமான பவர் கேபிள் ஒண்ணு, சின்ன டேட்டா கேபிள் ஒண்ணு சொருகணும், அவ்வளவுதான். விண்டோஸ் போடும்போது தப்பான டிஸ்க்கை அழிச்சுடக் கூடாதுன்னு பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழட்டி வெச்சிருந்தேன். முடிஞ்சதும் திரும்ப மாட்டினேன்.

ஒரு தடவை டிஸ்க் தெரியுது. அடுத்த தடவை காணோம். மூணாவது தடவை, ஃபார்மட் பண்ணினால்தான் பயன்படுத்த முடியும்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. தம்பி மவுஸை அதுமேல கொண்டு போயிட்டான். "டேய், கைய எடுறா!"ன்னு கத்திட்டேன்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. அவங்க போட்டோ, வீடியோ எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். வேற எங்கயும் காப்பி இல்லை. பழைய ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வைங்கம்மான்னு ஓபியில் தினமும் சொல்றவன் நான்.

தெரிஞ்ச கடைக்காரருக்கு போன் பண்ணினேன். "டிஸ்க் போயிருச்சு சார், ரெக்கவரிக்கு அனுப்பணும். செலவாகும்."

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தது: மானிட்டரில் கோடு நேரா ஓடினால் முதல்ல பேஷண்ட்டைப் பார், அடுத்து லீடு கழண்டிருக்கான்னு பார். டிஸ்க் தெரிஞ்ச ஒரு நேரத்தில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தேன். இலவச மென்பொருள்தான், டிஸ்க்குக்கு ஈசிஜி மாதிரி. ரீஅலொகேட்டட் செக்டர் பூஜ்யம். பெண்டிங் செக்டரும் பூஜ்யம். சிஆர்சி எரர் மட்டும் நூத்துக்கணக்கில் இருந்தது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல தகவல் சிதையுதுன்னு அர்த்தம். முதல் சந்தேகம் கேபிள் மேலதான் வரணும். பத்து வருஷத்துக்கு மேலான கேபிள், அதை நான் வேற இழுத்துப் பிடுங்கி மாட்டியிருக்கேன்.

புது கேபிள் நூறு ரூபாய்கூட இல்லை. மாட்டினதும் டிஸ்க் வந்துருச்சு. சிஆர்சி எண்ணிக்கை குறையாது, அது பழைய கணக்கு. அதுக்கு மேல ஏறலைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம். ஏறலை.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். டிஸ்க்கில் டக் டக்னு சத்தம் வந்தால் என்னை மாதிரி நோண்டாதீங்க. உடனே ஆஃப் பண்ணிடுங்க. அப்போ கடைக்காரர் சொன்னதுதான் சரி.

சாயங்காலம் வரைக்கும் காப்பி ஓடுச்சு. முதல்ல எஸ்எஸ்டியில, அப்புறம் வெளியில மாட்டுற இன்னொரு டிஸ்க்கில. அப்பா பக்கத்துல சேர் போட்டு உட்கார்ந்து, ஓடுற பச்சைக் கோட்டையே பார்த்துட்டிருந்தார்.

முடிஞ்சதும் ஒரு வீடியோவைத் திறந்தோம். "போதும்டா, கேமராவ அந்தப் பக்கம் திருப்பு"ன்னு அம்மா திட்டுறாங்க.

அப்பா அதை மறுபடி போடச் சொன்னார்.