கைதட்டினால் திரும்புமா?

ஆவடியில் என் நண்பர் ஒருவர் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். நாய்க் கண்காட்சி என்றால் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த இனமாச்சே, சும்மாவா! பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு... அதற்குத்தான் மவுசு.

அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு, தெரியுமா உங்களுக்கு? தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் காது கேட்காது. வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போவது இதனால்தான்.

குட்டிகளுக்கு ஒரு மாதமானதும் நண்பர் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார். போன ஈத்தில் ஒன்று திரும்பவே இல்லை. இருந்ததிலேயே அழகான குட்டி! நல்ல விலைக்குக் கேட்டார்கள். 'விக்க மாட்டேன் சார், ஜோடியும் சேர்க்க மாட்டேன். நம்ம வீட்டோட இருக்கட்டும்' என்றுவிட்டார்.

பி.காம். படித்தவன் நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நண்பருக்கு நஷ்டம், ராஜபாளையம் இனத்துக்கு லாபம்!