இரண்டு அட்டைகளும் ஒரு முற்றமும்

ஒன்றினும் இரண்டு பெரிது என்பது எண்கணிதம் நமக்குக் கற்பித்த முதற்பாடம். அப்பாடம் எல்லாவிடத்தும் செல்லுபடியாகாது என்பதை 2016ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு கணினியின் முன்னமர்ந்து நான் அறிந்துகொண்டேன். அவ்வறிவுக்குக் கொடுத்த விலை சிறிதன்று.

அம்மா பிறந்து வளர்ந்த நாற்சார் வீடு இன்று இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அவரும் அதனைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார். பின்னர் திரும்பிச் சென்றபோது அத்திவாரமே எஞ்சியிருந்தது. அவர் நினைவிலிருந்து சொன்ன அளவுகளைக் கொண்டு அவ்வீட்டை முப்பரிமாண உருவாகக் கணினியில் அமைத்துவந்தேன். திரையிலே அவர் தாமே அதனுள் நடந்து பார்க்கவேண்டும் என்பது என் அவா. ஓடுகளும் தூண்களும் முற்றத்து வெளிச்சமும் பெருகப் பெருக, என்னிடமிருந்த வரைகலை அட்டை திணறத் தொடங்கியது.

வழிகள் இரண்டிருந்தன. பழைய அட்டையை விற்று, அவ்வாண்டு வெளிவந்த புதிய தலைமுறை அட்டையொன்றை வாங்குவது ஒன்று. பழையதற்கு இணையான மற்றொன்றைத் தேடி, இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது இன்னொன்று. வெளிநாடு புறப்படவிருந்த நண்பன் ஒருவன், "மச்சான், என்ரயும் உன்ரயும் ஒரே சாமான்தானே, பாதி விலைக்குத் தாறன்" என்றான். அம்மாவின் சீட்டுக்காசு கையிலிருந்தது. இரண்டையே தெரிந்தேன்.

என் கணக்கு முதலிலேயே பிழைத்தது. ஒவ்வோர் அட்டையிலும் 4 கிகாபைற் நினைவகம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் 8 ஆகும் என எண்ணியிருந்தேன். ஆகாது. ஒரே காட்சியின் தரவுகளை இரண்டும் தத்தம் நினைவகத்தில் தனித்தனியே வைத்திருக்கவேண்டியிருப்பதால், பயன்படக்கூடியது 4 மட்டுமே. நான் கைவிட்ட புதிய அட்டையோ 8 கிகாபைற் கொண்டது. அது வேண்டுவது 150 வாற்று. என் சோடிக்கு 290 வாற்று வேண்டியிருந்தது. அதனால் மின்வலு வழங்கியையும் மாற்ற நேர்ந்தது. மிச்சம் பிடித்ததிற் பெரும்பகுதி அங்கே கரைந்தது.

அட்டைகளை இணைக்கும் எண்ணம் புதியதன்று. 1998இல் திரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 2 அட்டைகள் இரண்டு, திரையின் கிடைக்கோடுகளை ஒன்றுவிட்டொன்றாகப் பகிர்ந்து வரைந்தன. 2004இல் என்விடியா இணைப்பு முறையை மீண்டும் கொணர்ந்தபோது, பெரிதும் கையாளப்பட்ட வழி வேறு: முதற் சட்டகத்தை ஓர் அட்டை வரைய, அடுத்ததை மற்றது வரையும். இதற்கு ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிய குறிப்புகள் இயக்கி மென்பொருளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அத்தகைய குறிப்பேதுமற்ற என் வீட்டிற்கு அம்முறையை நானே வலிந்து ஏற்றினேன். செக்கனுக்கு 60 சட்டகங்கள் எனத் திரை காட்டியது. மகிழ்ந்தேன்.

அம்மாவை அழைத்து அமர்த்தினேன். சங்கடப்படலையைக் கடந்து திண்ணைவரை வந்தவர் நின்றார்.

"உது ஏன் தம்பி விக்கி விக்கிப் போகுது? எனக்குத் தலையைச் சுத்துது."

எண் பொய் சொல்லவில்லை. நான்தான் அதனைப் பிழையாக வாசித்தேன். 60 என்பது சராசரி. ஒரு சட்டகம் 8 மில்லிசெக்கனிலும் அடுத்தது 25 மில்லிசெக்கனிலும் வந்தால், கணக்கு ஏறத்தாழ 60 எனவே முடியும். ஆனால் கண் சராசரியைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் இடைவெளியையும் பார்க்கிறது. மேலும், முன்னைய சட்டகத்தைக் கொண்டு அடுத்ததைச் செம்மைப்படுத்தும் முறையை நான் கையாண்டிருந்தேன். ஆகவே ஓர் அட்டை மற்றதன் வேலைக்காகக் காத்திருக்கவேண்டியதாயிற்று. நடை ஒவ்வாத இரு காளைகளை ஒரு நுகத்திற் பூட்டியவன் நிலை என்னுடையது.

மறுநாள் ஓர் அட்டையைக் கழற்றினேன், நிழல்களைக் குறைத்தேன். சட்டகங்கள் 40 ஆகக் குறைந்தன. ஆனால் சீராக வந்தன. அம்மா திண்ணையைத் தாண்டி முற்றத்தில் இறங்கினார். நெடுநேரம் அங்கேயே நின்றார். பின், "கிணத்தடிக்குப் போற வாசல் இடக்கைப் பக்கமெல்லே" என்று திருத்தினார்.

கழற்றிய அட்டை வீணாகவில்லை. அசையாப் படங்களை உயர்தரத்தில் உருவாக்கும்போது அதனை மீண்டும் பூட்டினேன். அவ்வேலையிற் படம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும்; ஓர் அட்டை ஒரு கட்டத்தை வரைகையில் மற்றது வேறொன்றை வரையும். ஒன்று மற்றதற்காகக் காத்திருப்பதில்லை. நேரம் ஏறத்தாழப் பாதியாயிற்று. அதே இரு அட்டைகள். வேலையின் இயல்பே வேறு.

ஆகவே 'ஒன்றா இரண்டா' என்று நான் கேட்ட கேள்வியே பிழையானது. 'இவ்வேலை பகுக்கத் தக்கதா' என்பதே முதலிற் கேட்கவேண்டியது. 2021 தொடக்கத்துடன் விளையாட்டுகளுக்கான புதிய இணைப்புக் குறிப்புகள் எழுதுவதை என்விடியா நிறுத்தியது. 2022இல் வெளிவந்த அதன் 40 வரிசை அட்டைகளில் இணைப்பு முனையே இல்லை. மறுபுறம், செயற்கை நுண்ணறிவை உருவாக்கும் பெருங் கணினிக்கூடங்களில் ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒருங்கே உழைக்கின்றன. அங்கே வேலை பகுக்கப்படுகிறது. அட்டைகளிடையே அதற்கெனவே விரைவான பாதைகளும் அமைக்கப்பட்டுள்ளன.

வாங்கு முன் இதனை அறிந்திருந்தால் அம்மாவின் சீட்டுக்காசில் ஒரு பகுதி மிஞ்சியிருக்கும். அதைப்பற்றி அவர் ஒருபோதும் கேட்டதில்லை. கிணற்றடி வாசலை மட்டும் இடப்புறமாக மாற்றிவிட்டேனா என்று இருமுறை கேட்டார். மாற்றிவிட்டேன்.