காணிக்கைக் குவியலில் ஐந்து ரூபாய்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், எளாவூரிலுள்ள எங்கள் சிறு கோயிலின் திருப்பண்ட அறையில் நாங்கள் மூவர் பாய் விரித்து அமர்வோம். உபதேசியார், வயது முதிர்ந்த ஓர் அம்மையார், அடியேன். காணிக்கைப் பை கவிழ்க்கப்படும். நோட்டுகள் உபதேசியாருக்கு; சில்லறை எங்கள் இருவருக்கு. பங்குத்தந்தை அடுத்த ஊர்த் திருப்பலிக்குப் புறப்பட வேண்டியவராதலால், அரை மணி நேரத்துக்குள் கணக்கு அவர் கையில் சேர்ந்தாக வேண்டும்.

நினைவு நாணயங்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அரை மணியில் எல்லாக் காசுகளையும் புரட்டிப் பார்த்தல் இயலாது. எந்த மதிப்புள்ள காசைப் பார்ப்பது, எதைப் பாராமலே எண்ணிக் கட்டுவது என்பதுதான் கேள்வி. லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய பெண்ணுக்கு இத்தொல்லை இல்லை. அவளுடைய பத்துக் காசும் ஒரே வகை.

அமெரிக்காவில் இப்பொழுதுபோக்குடையோர், காகிதச் சுருளில் கட்டிய நாணயங்களை வங்கியில் முகமதிப்புக்கே பெற்றுத் தேடிவிட்டு, எஞ்சியவற்றைத் திரும்பச் செலுத்துவராம். அவர்களுள் பலர் முதலில் நாடுவது அரை டாலர். மக்கள் அதை அதிகம் புழங்குவதில்லை. ஆகவே பழையன அதில் தங்கியிருக்கக்கூடும். 1964 வரையிலான அரை டாலரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கும், 1965 முதல் 1970 வரை நாற்பது பங்கும் வெள்ளி. நமக்கு அந்த ஆசை வேண்டாம். நம் ரூபாயில் 1940-லேயே வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் நிக்கல் ரூபாயே வந்துவிட்டது. நாம் தேடுவது உலோகத்தை அன்று, முகத்தை.

முதலில் நான் ஒரு ரூபாய்க் குவியலையே துழாவினேன். எண்ணிக்கையில் அதுவே மிகுதி; ஆகவே வாய்ப்பும் மிகுதி என்று எண்ணினேன். ஆறு மாத உழைப்பில் கண்நோவே மிஞ்சியது. நாலணாவுக்கும் வேலை இல்லை. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவையாயின. ஆயினும் யாரோ ஒரு பாட்டி இன்றும் போடுகிறார். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு தகர டப்பாவில் போட்டு வைக்கிறோம். எறிய எவருக்கும் மனம் வரவில்லை.

இரண்டு ரூபாயில் ஓரளவு சுவை உண்டு. பதினொரு பக்கமுடைய பழைய காசுகளிடையே, 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளிவந்த திருவள்ளுவர் அரிதாக அகப்படுவார். 2006-ஐ ஒட்டி வந்த எஃகுக் காசில் சிலுவை போன்ற குறி இருந்தது. வேற்றுமையில் ஒற்றுமையைக் காட்டும் கோடுகள் என்று அரசுத் தரப்பில் விளக்கியும் சர்ச்சை அடங்கவில்லை. எங்கள் பங்கிலோ, அதைச் சிலுவை என்றே நம்பி மாதா படத்தின் கீழ் வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

பத்து ரூபாய் நாணயத்தின் கதை வேறு. அது செல்லாது என்ற வதந்தி கிளம்பியது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ஆயினும் கடைக்காரர் பலர் முகம் சுளிக்கவே, கடையில் ஏலாதது கோயிலுக்கு வந்து சேர்ந்தது. பத்து ரூபாய் எங்கள் தட்டில் மலிந்த காரணம் பக்தி மட்டுமன்று. 2015-இன் அம்பேத்கர் நாணயம் எனக்கு அவ்வழியே கிடைத்தது.

இறுதியில் ஐந்து ரூபாயையே தேர்ந்தேன். 2003-இல் காமராசர், 2009-இல் அறிஞர் அண்ணா, 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு எனத் தமிழருக்கு உரியவை பல அதில் உண்டு. நமக்கு இன்னும் நெருங்கியவை இரண்டு: பரணங்கானத்துக் கன்னியர் மடத்தில் 1946-இல் மறைந்து, 2008-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற அல்போன்சாவின் நூற்றாண்டு நாணயம் (2009), அன்னை தெரேசாவின் நூற்றாண்டு நாணயம் (2010). பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் உண்டு. குவியலின் மேல் அதை ஓட்டினால் 2007, 2008-ஆம் ஆண்டுகளின் எஃகுக் காசுகள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சியதை மட்டும் பார்த்தால் போதும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உழைக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள் எங்கள் திருப்பலிக்கு வருவதால், ஆண்டெண்ணின் கீழ் எக்குறியும் இல்லாத கல்கத்தாக் காசுகளும், நட்சத்திரமிட்ட ஐதராபாத்துக் காசுகளோடு கலந்து கிடைக்கும்.

இனி, சொல்லக் கூசுவதையும் சொல்லிவிடுகிறேன். விரும்பிய காசை எடுக்கும்போது அதே மதிப்புள்ள வேறொரு காசை வைத்துவிடுவது என் வழக்கம். ஒரு ஞாயிறன்று அல்போன்சா அம்மாள் முதன்முதலாகக் கையில் வந்தார். என் சட்டைப்பையில் நூறு ரூபாய் நோட்டன்றிச் சில்லறை இல்லை. அடுத்த வாரம் போடலாம் என்று காசைப் பையில் நழுவவிட்டேன். கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்ததை எவரும் அறியார். ஏனெனில் எண்ணியவன் நான். அன்றிரவு மனைவியிடம் அதைக் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்து, “மாற்றுக் காசு போட்டுவிட்டீர்கள் அல்லவா?” என்றாள். ஆம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்தான் உறக்கத்தைக் கெடுத்தது.

புதன்கிழமை மாலை பங்குத்தந்தையிடம் சென்று, “சாமி, தவறு செய்துவிட்டேன்” என்று காசை நீட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மாற்றுக் காசு வைப்பதில் தமக்குத் தடையில்லை என்றும், ஆனால் எடுப்பதைப் பாயில் இருக்கும் மற்ற இருவருக்கும் காட்டிவிட்டே எடுக்க வேண்டும் என்றும் மட்டும் சொன்னார். வீட்டில் மனைவியிடம் சொல்வது அதைவிடக் கடினமாயிருந்தது.

அடுத்த ஞாயிறு நடந்ததை இருவரிடமும் கூறி, காசைக் குவியலில் திரும்பப் போட்டேன். அம்மையார் அதைத் தனியே எடுத்துக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். “ஐயா, இத்தனை நாள் என் கையால் எண்ணியவற்றில் இவரும் இருந்திருப்பாரே, நான் பார்க்கவில்லையே” என்றார். பேத்தியின் புதுநன்மைக்குக் கொடுக்கலாமா என்று தயங்கியவாறே கேட்டு, தம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஐந்து ரூபாயை வைத்துவிட்டு, அதை முடிந்துகொண்டார்.

எனக்கு மற்றோர் அல்போன்சா இன்னும் கிடைக்கவில்லை. அம்மையார் இப்போது என்னைவிட விரைவாகப் பார்க்கிறார். காந்தமும் அவர் கையில்தான் இருக்கிறது.