வானில் வந்த மடல்

உரோமைத் திருப்பயணம் முடித்து, பிராங்க்பர்ட் நகரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். உணவு முடிந்து பலரும் உறங்கினர். அருகிருந்த இளைஞரோ தம் இல்லத்தாருக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார்.

விமானத்தின் முதுகிலுள்ள ஆன்டெனா, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் செய்தியை அனுப்ப, அது தரைநிலையத்தை வந்தடைகிறது. போயிங் நிறுவனம் இச்சேவையை 2004 மே மாதத்தில் மியூனிக்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ற லுஃப்தான்சா விமானத்தில் தொடங்கிற்று. வருவாய் போதாமையால் 2006 இறுதியில் நிறுத்திற்று. பின்னர் வேறு நிறுவனங்கள் அதனைத் தொடர்ந்தன.

நானும் கட்டணம் செலுத்தி அஞ்சலைத் திறந்தேன். எங்கள் பங்கின் முதிய உபதேசியார் மரணத்தறுவாயில் இருப்பதாகவும், என்னைக் கேட்பதாகவும் முதல் மடல் கூறிற்று. நெஞ்சம் பதறியது. உடனே அண்டைப் பங்குத்தந்தைக்கு எழுதினேன். செபமாலை இருமுறை சொல்லி முடிப்பதற்குள் மறுமொழி வந்தது: "நோயில்பூசுதலும் நற்கருணையும் அளித்தேன். தங்கள் பெயரைச் சொன்னேன், கண்திறந்து பார்த்தார்."

நான் தரையிறங்குமுன் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, என் சொல் கடல்களைக் கடந்து சென்றது உண்மையே. ஆனால் அவர் நெற்றியில் எண்ணெய் பூசியது, சைக்கிளில் விரைந்து சென்ற ஒரு குருவின் கை. திருவருட்சாதனங்களை மின்னஞ்சலில் அனுப்ப இயலாது. பிள்ளைகளின் அருகிருப்பையும் அவ்வாறே. தொலைவில் வாழ்வோர் தவறாமல் மடல் எழுதுங்கள். முதிய பெற்றோர் அழைக்கும் வேளையில் நேரில் செல்லுங்கள்.